குடிலும் குத்தகையும்

கலைஞனுக்குத் தனிமை வேண்டும். தனிமைக்குக் காடு வேண்டும். காட்டிலே ஒரு குடில் வேண்டும். அக்குடில் இயற்கைக்கு ஊறு செய்யாத பசுமைக் கட்டடமாய் அமைதல் வேண்டும். சிங்கப்பூரில் கலை வளர்ச்சி குறித்துப் பேசுவோர் வாயில் இந்நான்கு வாக்கியங்களும் சங்கிலி கோத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. முதல் வாக்கியத்தை மறுப்பார் இலர். இரண்டாவதிலேயே வழுக்கல் தொடங்கிவிடுகிறது. நான்காவதை எட்டும்போது பேச்சு முழுவதும் கூரைமேல் வளர்க்கும் செடியிலும், சூரிய ஒளித் தகட்டிலும், மழைநீர்த் தொட்டியிலும், மூங்கில் தரையிலும் சிக்கிக்கொள்கிறது. அக்குடிலில் கலைஞன் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்னும் கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

நீடித்து நிலைக்கும் கட்டடக்கலை என்னும் தொடரில் 'நீடித்து' என்பது காலத்தைச் சுட்டும் சொல். காலத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எண்ணுவோர் அத்தொடரின் பாதியையே படித்தவர் ஆவர். சிமெண்டும் எஃகும் கண்ணாடியும் உருவாகும்போது வெளியேறிய கரியமில வாயு, கட்டடம் இடிபடும்போது திரும்பி வருவதில்லை. உலகம் முழுவதும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது. அச்செலவை 60 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஒரு பங்கு. 6 ஆண்டுக்குப் பங்கிட்டால் பத்துப் பங்கு. இவ்வகுத்தலைத் தொடக்கப்பள்ளி மாணவனும் செய்வான். கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் தொடங்கிய பசுமை முத்திரைத் திட்டத்தால் பல நன்மைகள் விளைந்துள்ளன; 2030க்குள் நாட்டின் கட்டடப் பரப்பில் 80 விழுக்காடு பசுமைத் தரம் எய்த வேண்டும் என்னும் குறிக்கோளும் போற்றத்தக்கதே. எனினும் முத்திரை சுவரில் தொங்கும். சுவர் எத்தனை நாள் நிற்கும் என்பதை வாடகை ஒப்பந்தமே முடிவு செய்யும்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. செம்பவாங் வட்டாரத்திலேயே உண்டு.

1988ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பயின்று திரும்பியிருந்த கலைஞர் தாங் டா வு, உலு செம்பவாங்கில் லோரோங் கம்பாஸ் என்னும் கம்பத்துச் சாலையில், முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடத்தில் தம் இல்லத்தையும் பட்டறையையும் இளங்கலைஞர்க்குத் திறந்துவிட்டார். 'கலைஞர் கிராமம்' என்று பின்னர் பெயர்பெற்றது அதுவே. அமண்டா ஹெங், லீ வென், வின்சென்ட் லியாவ் முதலியோர் அங்குக் கூடி உழைத்தனர். கோழிகள் இருந்த கொட்டகை ஓவியக்கூடமாயிற்று, மரத்தடி மேடையாயிற்று, முற்றத்து மண்ணே சிற்பியின் பலகையாயிற்று. கட்டடக்கலைஞர் ஒருவரும் வரைபடம் போடவில்லை. பசுமை ஆலோசகர்க்கு ஒரு வெள்ளியும் கொடுக்கப்படவில்லை. ஏற்கெனவே நின்றிருந்த கூரையின்கீழ், ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்த காற்றில், வேலை நடந்தது. 1989 ஜனவரியில் அவர்கள் தம் பட்டறைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தனர்.

தாங் டா வு மண்ணை அறியாதவர் அல்லர். 1979இல் அங் மோ கியோ வட்டாரத்தில் வீடமைப்புக்காக மரங்களை அகற்றி வெறுமையாக்கிய நிலத்தில், மழைநீர் அரித்த பள்ளங்களுக்கிடையே துணிகளைத் தொங்கவிட்டு, மழையும் சேறும் அவற்றில் எழுதிய கோலத்தையே படைப்பாக்கியவர் அவர். மறு ஆண்டு அது தேசிய அரும்பொருளகக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மரம் போனால் மண் போகும் என்பதைச் சொற்பொழிவாற்றாமல் காட்டிய அம்மனிதருக்கு, இயற்கையோடு இயைந்து வாழ்வது எப்படி என்று எந்தக் கட்டட நிறுவனமும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அக்கிராமம் இரண்டாண்டே நிலைத்தது. நிலம் வளர்ச்சிப் பணிக்குத் தேவைப்பட்டமையால் 1990இல் அவர்கள் வெளியேற நேர்ந்தது. 1989ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கிப் புத்தாண்டு நாளிலும் தொடர்ந்து, 24 மணி நேரம் இடைவிடாமல் அங்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினர். அதற்கு அவர்கள் வைத்த பெயரில் காலம் என்னும் சொல் இருந்தது. காலம்தான் தமக்கு மறுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர். 1992இல் அக்குழு சங்கமாகப் பதிவாயிற்று. பெயரில் கிராமம் இருந்தது, காலடியில் இல்லை.

கலைஞர்க்கு இயற்கைச் சூழலில் பசுமை உறைவிடம் அமைப்பது எப்படி என்று இன்று கருத்தரங்கு நடத்துவோர், அப்படியொன்று இந்நாட்டில் இருந்தது, அதை இழந்தாயிற்று என்பதிலிருந்து தொடங்கினால் நேர்மையாக இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கம்பத்து வாழ்க்கையைப் பொற்காலமாகப் பாடுவோர் பெருகிவிட்டனர். துத்தநாகத் தகட்டுக் கூரை நண்பகலில் அடுப்பாய்க் கொதிக்கும்; மழையில் பேச்சே கேளாது. கழிப்பிடமும் கொசுவும் வெள்ளமும் அங்கு வாழ்ந்தோர்க்கே தெரியும். 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஒரே நாளில் சுமார் 16,000 பேரை வீடற்றோராக்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடிகள் இம்மக்களுக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கேலிசெய்பவன் நன்றி கொன்றவன். ஆதலின் கம்பத்தைத் திரும்பக் கொண்டுவருக என்பது வாதமன்று. நின்றிருக்கும் வீட்டை நிற்க விடுக, அதில் உழைப்பவனை நெடுங்காலம் உழைக்க விடுக என்பதே வாதம்.

காட்டுக்குள் புதிதாகக் கட்ட விரும்புவோர்க்கு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் வரலாறு பயன்படும். 1854இல் சிங்கப்பூர் வந்த அவ்வியற்கை ஆய்வாளர் புக்கிட் தீமாவில் சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவர் அங்கு ஒரு குடிலும் கட்டவில்லை. கத்தோலிக்க சமயத் தொண்டர் ஒருவரின் இல்லத்தில் தங்கிக்கொண்டு நாள்தோறும் காட்டுக்கு நடந்தார். காட்டைக் காண விரும்பியவர் அதற்கு வெளியே உறங்கினார். இன்றோ இத்தீவின் ஆதி மழைக்காட்டில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சிய இச்சிறு திட்டில், எத்துணைப் பசுமையான கட்டடமாயினும், அதற்கொரு சாலை வேண்டும்; சாலைக்கு விளக்கு வேண்டும்; கழிவுநீர்க் குழாய் வேண்டும்; தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும். காடு வெட்டுப்படும் ஓரங்களில் வெயிலும் உலர்காற்றும் புகுந்து உள்மரங்களையும் நலிவிக்கின்றன. குடில் தன் சுவரளவே இடங்கொள்வதாக எண்ணுவது பேதைமை.

கட்டடத்தின்மேல் காடு வளர்ப்பதில் சிங்கப்பூர்க் கட்டடக்கலைஞர் உலகப் புகழ் பெற்றவர். பிக்கரிங் தெருவில் 2013இல் திறக்கப்பட்ட விடுதியொன்று தான் நிற்கும் மனையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட பசும்பரப்பைத் தன் மாடிகளில் தாங்கி நிற்கிறது. நகர நடுவே, கற்காரைக் காட்டில், அது வரவேற்கத்தக்க செயல். அதே உத்தியை மெய்யான காட்டுக்கு எடுத்துச் செல்வது கடலுக்குக் குடத்தில் நீர் கொண்டுபோவதைப் போன்றது.

இனி, நீடித்த உறைவிடம் ஒன்று எப்படி உருவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று. 1966இல் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவரும் நண்பருமான கலைஞர்களோடு சேர்ந்து, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் நிலத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அந்நிலம் அரசு அளித்த கொடையன்று. செல்வர் ஈந்த தருமமுமன்று. கலைஞர்கள் கைவினைப் பொருள்களையும் பத்திக் துணிகளையும் செய்து விற்று, அப்பணத்தைத் திரட்டி வாங்கியது. சாவகத்தில் செழித்த பத்திக் கலை மெழுகும் சாயமுமாகச் சென்னைக் கலைஞர்க்கு மனை வாங்கித் தந்தது என்பது மலாய்த் தீவுகளுக்கு அருகில் வாழும் தமிழர்க்குச் சுவையான செய்தியாகும். மணலாய்க் கிடந்த இடத்தில் அவரவர் தம் கைப்பொருளுக்கு ஏற்ப வீடு கட்டினர். மரம் வைத்தனர், அது வளர்ந்து நிழல் தரும்வரை அங்கேயே இருந்தனர். பணிக்கர் 1977இல் மறைந்தார், கிராமம் மறையவில்லை. சென்னை மாநகரம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பெருகிவந்து அதைச் சூழ்ந்துகொண்ட பின்னரும் அது அங்கேயே இருக்கிறது.

லோரோங் கம்பாஸுக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கும் இடையே வேறுபாடு கூரையிலா, சுவரிலா? இரண்டும் எளிமையில் தொடங்கியவையே. பட்டா ஒன்றே வேறுபாடு. இலங்கையின் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையருகே பாழ்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கி, 2003இல் தாம் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அதைத் திருத்தித் திருத்தி லுனுகங்கையாக்கினார் என்பதையும் ஈண்டு நினைக்கலாம். அங்கு வரும் மாணவர் சுவரையும் சாளரத்தையும் அளந்து குறித்துக்கொள்கின்றனர். ஐம்பது ஆண்டை அளக்கும் கருவி அவர் பையில் இல்லை.

தமிழ் மாணவர்க்கு இதை விளக்கப் புதுநூல் வேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே முதற்பொருள் என்று வகுத்தது. அங்கே பொழுதென்பது பருவத்தையும் நாளின் கூறுகளையும் குறிப்பது. ஒப்பந்த ஆண்டுகளைக் குறிப்பதன்று என்று இலக்கண ஆசிரியர் திருத்தக்கூடும். திருத்தட்டும். ஆயினும் நிலம் ஒன்றை மட்டும் முதலாகக் கொண்டு மரமும் பறவையுமாகிய கருப்பொருளை அடுக்கிவிட்டால் உரிப்பொருள் தானே பிறந்துவிடும் என்று அவ்விலக்கணம் சொல்லவில்லை. உறைவிடத் திட்டங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஒரு நிலத்தில் கார்காலத்தை ஒருமுறையே கண்டவன் முல்லையை எப்படி அறிவான்?

நிலப்பற்றாக்குறை என்பது உடனே எழும் மறுப்பு. சுமார் 735 சதுர கிலோமீட்டரில் வீடும் துறைமுகமும் விமான நிலையமும் படைப்பயிற்சி இடமும் நீர்த்தேக்கமும் அடங்க வேண்டிய நாட்டில் கலைஞனுக்கு நிரந்தரப் பட்டா கேட்பது நியாயமா? இம்மறுப்பு வலுவுடையது, அதை எள்ளுவது அறிவுடைமையாகாது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இல்லாவிடில் இந்நாட்டுப் பாமரனுக்கு வீடு கிடைத்திருக்காது. ஆனால் அதே மறுப்பு, புதிதாகக் காட்டில் கட்டுவதற்குத்தான் முதலில் பொருந்தும். பழைய படைவீடுகளும், கறுப்பு வெள்ளை பங்களாக்களும், மாணவர் குறைந்து மூடிய பள்ளிகளும், கடைவீடுகளும் இத்தீவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் புதுநிலம் ஒரு சாணும் வேண்டாம். வேண்டுவது ஆண்டுகள்.

அரசு இத்துறையில் வாளாவிருந்தது என்பது பொய். 1985ஆம் ஆண்டிலேயே பழைய கட்டடங்களைக் கலைக்குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 1991இல் அமைந்த தேசியக் கலைகள் மன்றம் அதைத் தொடர்ந்தது. குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவின் பழைய மின்துணைநிலையத்தில் நிறுவிய கலைமனை ஒரு தலைமுறையையே உருவாக்கிற்று. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்னும் காரணத்தால் 2021இல் அதுவும் அங்கிருந்து வெளியேறியது. 1936இல் எழுந்த கில்மன் படைவீடுகள் 2012இல் கலை வளாகமாகத் திறக்கப்பட்டன. மரங்களும் மேடுகளும் சூழ்ந்த அழகிய இடம். மூன்றாண்டுக்குள் காட்சிக்கூடங்கள் சில விலகிப் போயின. கட்டடம் நிலைக்கிறது, கலைஞன் நிலைப்பதில்லை. இடித்தால்தான் அழிவு என்பதில்லை. குடியிருப்போரை அடிக்கடி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்திலும் உட்சுவரும் குழாயும் மின்கம்பியும் குளிரூட்டியும் பிடுங்கி எறியப்பட்டுப் புதிதாகப் பொருத்தப்படுகின்றன. அக்குப்பையை எந்தப் பசுமைக் கணக்கும் எழுதுவதில்லை.

தேக்காவைச் சூழ்ந்த வட்டாரம் இவ்வகையில் தமிழர்க்கு ஒரு பாடநூல். சிராங்கூன் சாலைப் பகுதியை முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்தனர். அங்குச் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்தன. 1819இல் இத்தீவுக்கு வந்த நாராயண பிள்ளை தொடங்கிய முதற்றொழில்களுள் ஒன்று செங்கல் சூளையே. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1856 முதல் 1861 வரை எழுப்பியவர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதன் சுவர்ப்பூச்சு சென்னைச் சுண்ணம் எனப்படுவது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் பழுப்புச் சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்து, பூசி உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரை அறிந்தவர்க்கு இது புதிதன்று. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, சுவர் மூச்சுவிடும். வெடித்தால் வெடித்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசலாம். அதே பழஞ்செங்கல்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்பு சுடவும் எரிபொருள் வேண்டுமே என்பது உண்மை. ஆயின் உலரும்போது அது கரியமில வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதும் உண்மை.

கடைவீட்டின் அமைப்பும் அத்தகையதே. 1822இல் ராஃபிள்ஸ் விதித்த ஐந்தடி நடைபாதை, தமிழன் திண்ணைக்குப் பங்காளி முறை: வெயிலையும் மழையையும் தெருவிலேயே நிறுத்திவிடும். நடுவே வானம் பார்த்த காற்றுமுற்றம் சூடேறிய காற்றை மேலே போகவிட்டுத் தெருக்காற்றை உள்ளே இழுக்கும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஈரநாட்டில் இந்த இழுப்பே உயிர். முற்றத்தைக் கண்ணாடியால் மூடி, முன்வாயிலை அடைத்து, குளிரூட்டியைப் பூட்டிய கணமே அவ்வீடு சுமார் 95 விழுக்காடு இயற்கை வாயுவால் உண்டாகும் மின்சாரத்தின் அடிமையாகிவிடுகிறது. ஓவியமும் ஏடும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமே என்பார்க்கு விடை எளிது: ஏடுள்ள ஓர் அறையைக் குளிரூட்டுக, ஏடு எழுதுபவனுக்குச் சாளரம் போதும்.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கெர்பாவ் சாலைக் கடைவீடுகளைத் தேசியக் கலைகள் மன்றம் கலைக்குழுக்களுக்கு ஒதுக்கியது. மலாய் மொழியில் எருமை என்று பொருள்படும் அச்சாலை, கால்நடைத் தொழில் அவ்வட்டாரத்தில் ஓங்கியிருந்த நாளின் நினைவு. 1952இல் தோன்றிய பாஸ்கர் நாட்டியப் பள்ளி வழிவந்த கலைக்கழகம் அங்குக் குடிபுகுந்தது. ஐந்தடி நடைபாதையில் சலங்கை கேட்டது. பூக்கடையும் மளிகைக்கடையும் ஊழியர் கூட்டமும் பேருந்து இரைச்சலும் சூழ்ந்த அவ்விடத்தை இயற்கைச் சூழல் என்று யாரும் சொல்லார். ஆயினும் இசையும் நாட்டியமும் அங்கே பயிலப்பட்டன. காடு ஒன்றும் அழியவில்லை.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் பெரும்பகுதி, பகலெல்லாம் பள்ளியிலும் அலுவலகத்திலும் பட்டறையிலும் உழைத்தவர் இரவில் அடுக்குமாடி வீட்டு உணவு மேசையில் எழுதியது. அவர் ஒருவாரம் காட்டில் தங்கித் திரும்பினால் கிடைப்பது ஒரு கட்டுரை. சனிக்கிழமைதோறும் பத்தாண்டு வந்து அமர ஒரு மாடியறையும், அவ்வறையின் சாவியும், நூல்களை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும் ஓர் அலமாரியும் கிடைத்தால் விளைவது ஓர் இலக்கியம். மாணவன் ஒருவன் அங்கே மூத்த எழுத்தாளர் கையெழுத்துப் படியைத் திருத்துவதைக் காண்பான். அடுத்த ஆண்டும் வந்து காண்பான். செம்பவாங்கின் கடற்படைத்தளக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கதைகளில் எழுதப்படாதவை இன்னும் உண்டு. எழுதவேண்டியவர் முதியராகிவிட்டனர். அவர்க்கு மலைமேல் ஏறவேண்டிய குடில் எதற்கு? தேக்கா நிலையத்தில் இறங்கி நடக்கும் தொலைவில் ஓர் இடம் வேண்டும்.

இவ்வளவும் கூடினாலும் ஒப்பந்தத்தின் ஒரு விதி மாறாதவரை பயன் குறைவே. வாடகைக்கு இருப்போர் வெளியேறும்போது தாம் சேர்த்த அனைத்தையும் அகற்றி, பெற்ற நிலையிலேயே இடத்தைத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதி சிங்கப்பூரின் வாடகை ஒப்பந்தங்களில் பரவலாகக் காணப்படுவது. வணிகனுக்கு அது பொருந்தும். கலைஞனுக்கோ, அவன் பூசிய சுண்ணாம்புச் சுவரும், திறந்துவைத்த காற்றுமுற்றமும், புறக்கடையில் நட்ட முருங்கையும் பிழைகளாகக் கணக்கிடப்பட்டு, அவன் வைப்புத்தொகையிலிருந்து கழிக்கப்படும் என்பதே அவ்விதியின் பொருள். அவ்வாறிருக்க, எவன் சுண்ணாம்பு குழைப்பான்? அடுத்து வருவோர்க்குப் பயன்படும் மேம்பாடுகளை அளந்து, சிதைக்காமல் விட்டுச்செல்ல இசைவளிக்கும் ஒரு வரியும், பத்தாண்டுக்குக் குறையாத ஒரு காலவரையும் கலைமனை ஒப்பந்தங்களில் எழுதப்படட்டும். கட்டடக்கலைஞரை அதன்பின் அழைக்கலாம்.